திருச்சானூர் தந்த சபாநாயகர்

திருவேங்கடமுடையானைத் தரிசிக்கச் செல்லும் தமிழ் மக்கள், மலையினின்று இறங்கியதும் திருச்சானூருக்குச் சென்று அலர்மேல்மங்கைத் தாயாரை வணங்கிய பின்னரே ஊர் திரும்புவது வழக்கம். நம்முள் பலரும் குழந்தைப் பருவத்தில் பெற்றோருடன் அவ்வாறு சென்று வந்தவர்களே. தாயார் சந்நிதியையும் திருக்குளத்தையும் கண்டு மகிழ்ந்த நாம், அச்சிற்றூரில் பிறந்த ஒருவர் பாரத நாட்டின் பாராளுமன்றத்துக்கே தலைமை பூண்டு அமர்ந்திருந்தார் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டோ? அவர்தாம் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார். 1956 முதல் 1962 வரை லோக் சபையின் சபாநாயகராக விளங்கிய பெருந்தகை அவர்.

ஆண்டு விழா மலரில் இப்பெரியாரின் வரலாற்றை எழுத நாம் விழைந்ததற்குக் காரணம் உண்டு. நாம் பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் இடத்தில் குடித்தனம் நடத்துகிறோம். எந்த ஊர் நம் ஊர், எந்த மக்களுக்கு நாம் உரியவர் என்ற வினா, நம் பிள்ளைகளின் வாயிலாக நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. ஐயங்காரோ பிறந்த ஊரைத் துறந்து குடிபெயர்ந்தவர் அல்லர். அவர் வாழ்நாளில் அவ்வூர்தான் ஜில்லா மாறியது, மாநிலம் மாறியது, தேர்தல் தொகுதியும் மாறியது. அத்துணை மாற்றத்துக்கிடையிலும் அப்பகுதி மக்கள் அவரைத் தம்மவராகவே கொண்டு மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐயங்கார் பிறந்தது 1891-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள். அந்நாளில் திருப்பதியும் அதனை அடுத்த சிற்றூர்களும் சென்னை இராஜதானியின் வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. அந்த ஜில்லாவின் தலைமையிடம் சித்தூர். அவருக்கு இருபது வயது நிரம்பிய 1911-ஆம் ஆண்டில், ஏப்ரல் முதல் நாளன்று, சித்தூர் தனி ஜில்லாவாக அமைக்கப்பெற்றது. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்குச் சென்றது. சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி, திருத்தணி ஆகிய ஊர்கள் அடங்கிய அந்நிலப் பகுதி, தமிழும் தெலுங்கும் இரு கரைகளாக அமைய, நடுவே ஓடும் ஆறு போன்றது. வீட்டில் ஒரு மொழியும் கடைவீதியில் மற்றொரு மொழியுமாகப் பேசி வாழ்வது அங்குள்ளோர்க்கு இயல்பு. இம்மொழிதான் உனது என்று வரையறுத்துக் கூறும் எல்லைக்கல் எதுவும் அக்காலத்தில் அங்கே நடப்பட்டிருக்கவில்லை.

திருப்பதியில் தேவஸ்தான உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அவர், சென்னை சென்று பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. பட்டமும், சட்டக் கல்லூரியில் 1913-இல் பி.எல். பட்டமும் பெற்றார். இடையே 1912-இல் கணித ஆசிரியராகத் தம் உழைப்பைத் தொடங்கினார். பின்னர் 1915 முதல் சித்தூரில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். கணக்கிலே பழகிய கூர்மையும், வழக்குத் தீர்ப்புக்களை நினைவில் இருத்தும் ஆற்றலும் ஒருங்கே வாய்த்திருந்தமையால், விரைவிலேயே அவர் பெயர் நீதிமன்ற வட்டாரங்களில் பரவலாயிற்று.

வருவாய் பெருகிவந்த அந்த வேளையில்தான் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் எழுந்தது. நீதிமன்றங்களைப் புறக்கணிக்குமாறு வந்த அழைப்பை ஏற்று, ஐயங்கார் 1921-22-இல் ஓராண்டுக் காலம் வக்கீல் தொழிலை நிறுத்தி வைத்தார். குடும்பஸ்தர் ஒருவர் ஓராண்டு வருவாயை விடுப்பது எத்தகைய செயல் என்பதைச் சம்பளத்தை எண்ணி வாழும் நாம் நன்கு அறிவோம். அன்று தொடங்கிய பொதுவாழ்வு, அவர் கண் மூடும் வரை ஓயவில்லை.

1934-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. ஐயங்கார் காங்கிரஸ் வேட்பாளராக நின்று பெருவெற்றி பெற்றார். அன்று அவர் நின்ற தொகுதியின் பரப்பை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கின்றது. பல்லாரி, அனந்தப்பூர், கர்நூல், கடப்பை ஆகிய நான்கு ஜில்லாக்களுடன் சித்தூரும் சேர்ந்து, முகமதியர் அல்லாதார்க்குரிய ஒரே கிராமியத் தொகுதியாக இருந்தது. நிஜாம் 1800-இல் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்த நிலமாதலின், முதல் நான்கையும் ஆங்கிலேயர் விட்டுக்கொடுத்த ஜில்லாக்கள் என்றே வழங்கி வந்தனர். தொகுதி பெரிதாயினும் வாக்காளர் தொகை சிறிது. சொத்தும் வரியும் உடையவர்க்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் அச்சபைக்கு வாக்களிக்கும் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 14 இலட்சம் பேரே. நிலத்தை உழுதவனுக்கும், கூலி வேலை செய்தவளுக்கும் அங்கே குரல் இல்லை. ஐந்து ஜில்லாக்களின் பெயரால் பேசச் சென்றவர், உண்மையில் அம்மக்களுள் மிகச் சிலரின் வாக்கைப் பெற்றே செல்ல வேண்டியிருந்தது.

டெல்லியில் அவர் பேச்சுக்கு அஞ்சாத அரசாங்க அதிகாரிகள் குறைவு. கேள்வி நேரத்தில் துணைக் கேள்விகளை அடுக்குவார். வரவு செலவுக் கணக்கில் ஒளிந்துகிடக்கும் குறையைத் தோண்டி எடுப்பார். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிவிட்டு மறைந்த ஜெர்மானியக் கப்பல் எம்டனை நம் பாட்டிமார்கள் மறந்ததில்லை. அக்கப்பலின் பெயரையே ஐயங்காருக்குப் பட்டப்பெயராக இட்டு, அவரைச் சட்டசபையின் எம்டன் என்று அக்காலத்தார் அழைத்தனர். எதிர்பாராத வேளையில் எதிர்பாராத திசையினின்று தாக்குதல் வரும் என்பது அதன் பொருள்.

பேசிய வாய்க்குச் சிறையும் வாய்த்தது. 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகம், 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் ஆகியவற்றில் ஈடுபட்டு, 1940-க்கும் 1944-க்கும் இடையே ஏறத்தாழ மூன்று ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்து, புதிய அரசியலமைப்பை உருவாக்கும் பணியில் பங்கு கொண்டார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று தனித்துக் குறிக்கத் தக்கது. 1948 ஜனவரி 30-இல் காந்தியடிகள் கொலையுண்டார். இரு திங்கள் கழித்து, ஏப்ரல் 3-ஆம் நாள், ஐயங்கார் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மதம், இனம், சாதி ஆகியவற்றின் அடிப்படையில் உறுப்பினரைச் சேர்க்கும் அமைப்புக்கள், அச்சமூகத்தாரின் சமயம், பண்பாடு, கல்வி, நல்வாழ்வு ஆகியவற்றுக்கான பணிகளோடு நிற்க வேண்டும். அரசியலில் இறங்க இடந்தரலாகாது என்பது அதன் சாரம். பிரதமர் நேரு ஆதரித்துப் பேச, தீர்மானம் நிறைவேறியது. நெற்றியில் திருமண் தரித்த வைணவர், வடமொழியில் ஆழ்ந்த பற்றுடையவர் இதனைக் கொண்டுவந்தார் என்பது கருதத் தக்கது. சமயத்தை இகழ்ந்து அவர் அதனை அரசியலினின்று பிரிக்க விரும்பவில்லை. அதனை மதித்தமையாலேயே அவ்வாறு விரும்பினார் என்று நாம் கொள்கிறோம்.

அதே 1948-இல் அவர் துணைச் சபாநாயகரானார். சபாநாயகர் மவ்லங்கருக்குத் துணையாக எட்டு ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். 1950-இல் மதிப்பீட்டுக் குழு முதன்முதலாக அமைக்கப்பெற்றபோது அதன் முதல் தலைவரும் அவரே. அரசாங்கம் கேட்கும் பணத்தை எவ்வாறு சிக்கனமாகச் செலவிடலாம் என்று துறை துறையாக ஆராயும் குழு அது. கணித ஆசிரியராக வாழ்வைத் தொடங்கியவர்க்கு அது பொருத்தமான பணியன்றோ?

குடியரசின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. நாட்டில் வாக்காளர் தொகை 17 கோடிக்கு மேல் உயர்ந்தது. அத்தேர்தலில் சென்னை மாநிலத்தில் திருப்பதி ஒரு லோக் சபைத் தொகுதியாக அமைந்தது. 1934-இல் ஐந்து ஜில்லாக்களுக்கு நின்றவர், இப்போது தாம் பிறந்து வளர்ந்த வட்டாரத்துக்கே வேட்பாளராக நின்றார். நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைச் சின்னம் ஒட்டிய பெட்டியில் வாக்குச் சீட்டு இட்டவர்களுள், தம் வாழ்நாளில் அதற்கு முன் வாக்குச் சாவடியைக் கண்டிராத உழவரும் கூலியாட்களும் பெண்களும் எண்ணற்றோர். முன்பு சிலரின் பிரதிநிதியாக இருந்தவரை மக்கள் அனைவரின் பிரதிநிதியாக்கியது அத்தேர்தலே.

ஆனால் அத்தொகுதி நெடுநாள் அவ்வாறே நிற்கவில்லை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் ஜில்லா அதனுடன் சேர்க்கப்பெற்றது. சென்னை மாநிலத்தினின்று தேர்ந்தெடுக்கப்பெற்றவர், இருந்த இடத்தில் இருந்தபடியே ஆந்திர மாநிலத்தின் உறுப்பினரானார். 1956 நவம்பர் முதல் நாள் அம்மாநிலம் ஆந்திரப் பிரதேசமாக விரிந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் திருப்பதி என்ற பெயரில் தொகுதியே இல்லை. சித்தூர் இரு உறுப்பினர் தொகுதியாக அமைந்தது. பொது இடத்துக்கு ஐயங்காரும், தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு ஒதுக்கிய இடத்துக்கு எம். வி. கங்காதர சிவாவும் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். ஒரே தொகுதிக்கு இருவர் என்னும் இம்முறை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பெற்றது.

இதற்கிடையே ஐயங்காரின் நிலையும் மாறியிருந்தது. 1956 பிப்ரவரி 27-இல் மவ்லங்கர் மறைந்தார். மார்ச் 8-ஆம் நாள் ஐயங்கார் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1957 மே 11-இல் புதிய லோக் சபையும் அவரையே அந்த ஆசனத்தில் அமர்த்தியது. சபையிலே எம்டன் என்று பெயர் பெற்றவர், இனி விவாதங்களில் கலந்துகொள்ள இயலாத இடத்தை அடைந்தார். சபாநாயகர் கட்சி பேசார். இரு பக்கத்தும் வாக்குகள் சமமாக நின்றாலன்றித் தம் வாக்கை அளியார். பிறர் பேசுவதற்கு இடமளிப்பதே அவர் கடமை.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் கடினமான சோதனை இருக்கின்றது. மற்றத் தொகுதிகளின் உறுப்பினர் எழுந்து தம் ஊருக்கு இரயில் வேண்டும், பாசன நீர் வேண்டும் என்று முழங்கலாம். சபாநாயகரை அனுப்பிய தொகுதியின் குறையை அவர் ஆசனத்திலிருந்து கிளப்பலாகாது. ஆங்கில நாட்டில் சபாநாயகர் மீண்டும் தேர்தலில் நின்றால் பெருங்கட்சிகள் அவரை எதிர்க்காமல் விடுவது மரபு. நம் நாட்டில் அத்தகைய மரபு வேரூன்றவில்லை. சபாநாயகரும் ஏனையோரைப் போலக் கட்சிச் சீட்டுப் பெற்று, மக்களிடம் சென்று வாக்குக் கேட்டே வர வேண்டும். ஐந்தாண்டு வாய் திறவாதிருந்தவர், எனக்காகப் பேசினாயோ என்று கேட்கும் வாக்காளர் முன் எதைச் சொல்லி நிற்பது?

இச்சோதனை மிகக் கூர்மையாக வெளிப்பட்டது எல்லைச் சிக்கலின்போதுதான். ஆந்திர மாநிலம் பிரிந்த நாள் முதல், தமிழ் மக்கள் மிகுந்து வாழும் பகுதிகளைச் சென்னையுடன் சேர்க்க வேண்டும் என்று ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் போராடி வந்தது. திருப்பதியும் வேண்டும், திருத்தணியும் வேண்டும் என்று கிளர்ச்சிகள் எழுந்தன. மறுபக்கத்தே தெலுங்கு மக்களும் தம் உரிமையைக் கூறினர். இரு மாநில அரசுகளும் உடன்பட்டு எச். வி. பட்டாஸ்கரை நடுவராகக் கொண்டன. அவர் முடிவின்படி எல்லை மாற்றச் சட்டம் 1959-இல் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணித் தாலூகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த சில கிராமங்கள் ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது.

இச்சட்டம் லோக் சபைக்கு வந்தபோது சபாநாயகர் யார்? எந்த ஜில்லா பிளக்கப்பட்டதோ அந்த ஜில்லாவின் மைந்தர். அவரைத் தமிழரும் தம்மவர் என்றனர். தெலுங்கரும் தம்மவர் என்றனர். அவர் பதவியோ அவரை இருவருக்கும் பொதுவாக நிறுத்திவிட்டது. அந்நாளில் அவர் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களை ஊகித்துக் கூற நாம் விரும்பவில்லை. ஆயினும், தம் வீட்டு முற்றத்தில் கோடு கிழிக்கப்படும்போது, சபையின் ஒழுங்கைக் காப்பவர் ஒரு பக்கமும் சாயலாகாது என்ற நெறி எத்துணை அரிதென்பதை உணர்கிறோம்.

அவர் தலைமை வகித்த ஆண்டுகள் சபையின் வரலாற்றிலும் பெரியவை. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி, ஆயுள் காப்பீட்டுக் கார்ப்பரேஷனின் பணம் முந்த்ராவின் நிறுவனங்களில் முடக்கப்பட்டதை வெளிப்படுத்தினார். ஆளும் கட்சி உறுப்பினரே ஆளும் கட்சி அமைச்சரைக் கேள்வி கேட்ட விவாதம் அது. விசாரணை நடந்தது, 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1961 ஆகஸ்ட் 29-ஆம் நாள், ஆச்சாரிய கிருபளானியை இழித்துரைத்த கட்டுரைக்காகப் பிளிட்ஸ் இதழின் ஆசிரியர் கரஞ்சியா சபையின் முன் வரவழைக்கப்பெற்றார். சபாநாயகர் அவரைக் கண்டித்து அனுப்பினார். பத்திரிகைச் சுதந்திரத்தைப் போற்றுவோர் இதனை எவ்வாறு மதிப்பிடினும், கிருபளானி எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்தவர் என்பதை மறத்தலாகாது.

நம் இல்லங்களுக்கு நேரே உரிய நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. வரதட்சிணைத் தடை மசோதாவில் இரு சபைகளும் உடன்படவில்லை. ஆகவே 1961 மே 6, 9 ஆகிய நாட்களில் இரு சபைகளும் கூட்டாக அமர்ந்தன. அரசியலமைப்பு வந்தபின் நடந்த முதல் கூட்டுக் கூட்டம் அதுவே. விதிப்படி அதற்குத் தலைமை வகித்தவர் லோக் சபையின் சபாநாயகர். பெண்ணைப் பெற்றவர் கண்ணீரைத் துடைக்க எழுந்த சட்டம் திருச்சானூர்ப் பெரியவரின் முன்னிலையில் நிறைவேறியது. தாயாரின் ஊரில் பிறந்தவர்க்கு இது தகுந்த பேறு. அச்சட்டத்தைக் கல்யாணப் பேச்சில் நாம் எத்துணை தூரம் மதிக்கிறோம் என்பதை நம் நெஞ்சமே அறியும்.

இனி, முன்னே எழுப்பிய வினாவுக்கு வருவோம். வாய் திறவாதிருந்த உறுப்பினரை மக்கள் என் செய்தனர்? 1962 பொதுத் தேர்தலில் சித்தூர் மீண்டும் ஐயங்காரையே தேர்ந்தெடுத்தது. தம் ஊரைப் பற்றிப் பேசாவிடினும், தம் ஊரின் பெயரை இழுக்கின்றி வைத்திருந்தார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

ஆயின் அவ்வாண்டு மே மாதத்திலேயே அவர் பீகார் மாநிலத்தின் கவர்னராக நியமிக்கப்பெற்று, உறுப்பினர் பதவியைத் துறந்தார். தொடர்ந்து நடந்த இடைத்தேர்தலில் சித்தூர் வாக்காளர், காங்கிரஸை எதிர்த்து நின்ற சுதந்திரக் கட்சித் தலைவர் என். ஜி. ரங்காவைத் தேர்ந்தெடுத்தனர். சின்னத்துக்காக மட்டும் அவர்கள் வாக்களித்து வந்திருப்பின் இம்மாற்றம் நேர்ந்திராது. மனிதரை மதிப்பிட்டு வாக்களித்த தொகுதி அது.

பாட்னாவில் ஐந்தரை ஆண்டுகள், இந்தி வழங்கும் நாட்டில், தென்னாட்டவர் ஒருவர் அரசின் தலைவராக வாழ்ந்தார். 1966-67-இல் மழை பொய்த்து அம்மாநிலத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. 1967 மார்ச்சில் அங்கே முதன்முறையாகக் காங்கிரஸ் அல்லாத அமைச்சரவை, மகாமாயா பிரசாத் சின்ஹாவின் தலைமையில் பதவி ஏற்றது. வாழ்நாள் முழுதும் காங்கிரஸ்காரராக இருந்தவர் கவர்னராக வீற்றிருந்த காலத்திலேயே அம்மாற்றம் நிகழ்ந்தது. 1967 டிசம்பரில் பதவிக் காலம் முடிந்ததும் அவர் திருப்பதிக்கே திரும்பினார். அங்கிருந்த மத்திய சமஸ்கிருத வித்யாபீடத்தின் நிர்வாகத் தலைமையை ஏற்று, இறுதிக் காலத்தைக் கல்விப் பணியில் செலவிட்டார். 1978 மார்ச் 19-ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில், இறைவன் திருவடி எய்தினார்.

அவர் மறைந்த பின்னரும் அந்நிலத்தின் கோடுகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. திருப்பதி மீண்டும் லோக் சபைத் தொகுதியாகி, தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கு ஒதுக்கப்பெற்றது; 2009 தேர்தல் முதல் சித்தூரும் அவ்வாறே ஒதுக்கப்பெற்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டில் பிறந்த திருச்சானூர், சித்தூரில் வளர்ந்து, இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றது. 1934-இல் வாக்குச் சீட்டையே கண்டிராத குடும்பங்களின் பிள்ளைகள்தாம் இன்று அவ்விரு தொகுதிகளிலும் வேட்பாளராக நிற்க இயலும். ஐயங்கார் இன்று இருந்திருப்பின், தாம் அமர்ந்த அவ்விடங்களில் ஒன்றிலேனும் போட்டியிட இயலாது. அரசியலமைப்பை வகுத்தோருள் ஒருவரான அவர் இதனைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்பதே நம் துணிபு.

நம் பிள்ளைகள் எந்த ஊர் நம் ஊர் என்று கேட்கும்போது, ஐயங்காரின் வரலாறு நமக்கு ஒரு விடையைத் தருகின்றது. வரைபடத்தின் கோடு எங்கு விழுந்தது என்பது நம் கையில் இல்லை. நம்மை நம்பி ஒப்படைத்த கடமையை ஒருபால் சாயாமல் செய்தோமா என்பதே நம் கையில் உள்ளது. அவ்வாறு செய்தவரை எவ்வூராரும், எம்மொழியாரும், தம்மவர் என்றே சொல்வர். அடுத்த முறை தாயாரைத் தரிசிக்கத் திருச்சானூர் செல்லும் அன்பர்கள், குளக்கரையில் சற்றே அமர்ந்து இப்பெரியாரின் வரலாற்றையும் தம் குழந்தைகளுக்கு எடுத்துரைப்பார்களாக.